தலை மாறிப்போன முதலை

பாராசூக்கஸ் ஹிஸ்லோப்பி என்று ஒரு ஜீவன் இருந்தது. முதலைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய தெலங்கானாவின் மலேரி பக்கத்து ஆறுகளில் ராஜாவாட்டம் திரிந்தது. (மலேரி என்பது ஊர் பெயர். காய்ச்சல் இல்லை, பதற வேண்டாம்.) உயிரோடு இருந்தவரை அதற்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. செத்த பிறகுதான் சனி பிடித்தது. படித்தவர்கள் கையில் சிக்கிவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கே ராசி சரியில்லை. வகையறாவின் முதல் தாடையை 1828-ல் ஆராய்ந்தவர் ஜெர்மனிக்காரர் கியோர்க் யேகர். தாடை நெடுக மொழுக் மொழுக்கென்று உருளைகள். கூர்மை மருந்துக்கும் இல்லை. ‘ஆகா, இலை தழை மேய்ந்த சாதுப் பிராணி!’ என்று முடிவுகட்டி, தாவரப் பல்லி என்று பொருள்படும்படி ஃபைட்டோசாரஸ் என்று நாமகரணமும் செய்துவிட்டார். அந்த உருளைகள் பல்லே இல்லை, சாமி! பல் இருந்த குழிகளில் சேறு புகுந்து இறுகிய கட்டிகள். அகப்பட்டதையெல்லாம் கடித்து விழுங்கிய பரம ரவுடிக்கு, சேற்றைப் பார்த்து சைவ சர்டிஃபிகேட்! ஃபைட்டோசார் என்பதுதான் இன்றுவரை அதன் குடும்பப் பெயர்.

நம்மூர்க் கிளைக்கு வருவோம். ஸ்டீபன் ஹிஸ்லோப் என்று ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் நாகபுரியில் இருந்தார். ஆத்துமாக்களைத் தேடி வந்தவர், ஓய்வு நேரத்தில் கல்லாகிப்போன எலும்புகளைத் தேடினார். எது அதிகம் அகப்பட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. பாவம், 1863-ல் ஓடை ஒன்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் போய்விட்டார். மலேரி எலும்புகள் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியின் மேஜைக்குப் போயின. டார்வினுக்காகப் பாதிரியார்களோடு மல்லுக்கட்டினாரே, சாட்சாத் அவரேதான். 1870-ல் பாராசூக்கஸ் என்ற பெயரை முதலில் சொன்னதும் அவர்தான். சொன்னதோடு சரி. உருப்படியாக விவரித்து எழுத நேரமில்லை, பிஸி.

அந்த வேலை ரிச்சர்ட் லைடெக்கர் தலையில் விழுந்தது. 1885-ல் அவர் முன்னால் ஒரு மூக்குத் துண்டு, சில பற்கள், முதுகுக் கவசத் தகடுகள், மண்டை ஓட்டின் அடிப்பாக எலும்பு ஒன்று. எல்லாம் ஒரே பிராணி என்று முடிவுசெய்து, செத்துப்போன பாதிரியாரின் பெயரையும் சேர்த்துப் புது இனமாக அறிவித்தார். நல்ல மனசுதான். ஆனால் அந்த மண்டை எலும்பு வேறொருவருடையது! ரைங்கோசார் என்று, அலகு மாதிரி வாயும் பீப்பாய் உடம்புமாக, நிஜமாகவே தழை தின்றுகொண்டு அதே ஊரில் வாழ்ந்த அப்பிராணி. யேகர் ரவுடியைச் சைவமாக்கினார் என்றால், லைடெக்கர் ரவுடிக்கு ஒரு சைவத்தின் தலையையே வைத்துவிட்டார்.

ஒருவர் உடம்பில் இன்னொருவர் தலை என்பது நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் அப்படித்தான் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். இலங்கைக்குப் போகும் வழியில் ராமரே கும்பிட்டுவிட்டுப் போனதாகத் தலபுராணம். ஆனால் அங்கே தலையை மாற்றியவர் பரமசிவன், தெரிந்தே மாற்றினார். லைடெக்கர் தெரியாமல் மாற்றிவிட்டு அச்சிலும் ஏற்றிவிட்டார்.

சிக்கலை அவிழ்த்தது யார் தெரியுமா? கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். ஆமாம், சராசரி கணக்குப் போடுகிற இடம்தான். அதை நடத்திய மகலனோபிஸ், ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டது போதாதென்று, லண்டனிலிருந்து பமேலா ராபின்சன் என்ற தொல்லுயிரியல் அம்மையாரை வரவழைத்து எலும்பு தோண்டவும் ஒரு பிரிவு ஆரம்பித்துவிட்டார். இன்று அப்படி ஒரு ஃபைலை நகர்த்திப் பாருங்கள், ஆடிட்டில் தலை உருளும்.

அங்கே வளர்ந்தவர் சங்கர் சட்டர்ஜி. மலேரிப் பாறைகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு எலும்புக்கூடுகளை, ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தவை, 1978-ல் விவரித்தார். ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் அளவு. பார்த்தால் அச்சு அசல் முதலை. ஆனால் மூக்குத் துவாரத்தைத் தேடிப் பாருங்கள். முதலைக்கு அது மூஞ்சி நுனியில் இருக்கும். இவருக்கோ பின்னால், கண்ணுக்குக் கிட்டே, ஒரு மேட்டின் மேல். போதாததற்கு, இவர் முதலையின் தாத்தாவும் இல்லை. இந்தக் கெட்டப்பை முதலில் போட்டவர் இவர், பல கோடி ஆண்டு கழித்து அதையே போட்டுக்கொண்டு வந்தது முதலை. பெயர் மட்டும் பிரபலமானவரை வைத்துத்தான்: பாராசூக்கஸ், கிட்டத்தட்ட முதலை!

வயிற்றுப் பக்கம் இன்னும் விசேஷம். விழுங்கப்பட்ட இன்னொரு ஊர்வனவின் எலும்புகள் உள்ளே அப்படியே இருந்தன. அதுவும் அறிவியலுக்குப் புதுசு. மலேரிசாரஸ் என்று பெயரிட்ட சட்டர்ஜி, கூடவே தம் குருவின் பெயரையும் கோத்தார்: மலேரிசாரஸ் ராபின்சனே. குருபக்திதான், சந்தேகமில்லை. ஆனாலும் இரையாகிப் போனதற்கா அம்மையாரின் பெயர்?

பிறகு 2001-ல் விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையத்துக்கு மனு போட்டார்: ‘பழைய கலவையைத் தள்ளிவிட்டு, என் எலும்புக்கூட்டை அசல் மாதிரியாக அறிவியுங்கள்.’ 2003-ல் தீர்ப்பு சாதகமாக வந்தது. 118 வருஷம் கழித்து பாராசூக்கஸுக்குச் சொந்தத் தலை கிடைத்தது.

சட்டர்ஜி நம் மானத்திலும் கை வைத்தார். அரியலூர்ப் பாறையில் கிடைத்த எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் முதுகுத் தகடு கொண்ட டைனோசர் என்று சொல்லி, திராவிடோசாரஸ் என்று கம்பீரமாகப் பெயரிட்டிருந்தார்கள். பெயரே மாநாட்டுக்குக் கிளம்பிய மாதிரி இருக்கிறதா? 1996-ல் சட்டர்ஜியும் ருத்ராவும், ‘இது டைனோசரே இல்லை, ப்ளீசியோசார் என்ற கடல் பிராணி’ என்று எழுதிவிட்டார்கள். அய்யாசாமி விடவில்லை. 2017-ல் பீட்டர் கால்ட்டனோடு சேர்ந்து, ‘டைனோசர்தான்’ என்று பதில் போட்டார்.

இப்படி அடுத்தவர் தலைகளைச் சரிபார்த்த சட்டர்ஜி, டெக்சஸ் போய் 1986-ல் ஒரு பறவையை அறிவித்தார். ப்ரோட்டோஏவிஸ். உலகின் முதல் பறவை என்று பேர் வாங்கிய ஆர்க்கியாப்டெரிக்ஸையே பல கோடி ஆண்டு ஓரங்கட்டும் பறவை. சக விஞ்ஞானிகள் பலர் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னது: ‘ஐயா, இது நாலைந்து பிராணிகளின் எலும்புக் கலவை.’ சட்டர்ஜி ஒப்புக்கொள்ளவில்லை. லைடெக்கரிடம் யாரும் கேட்கவும் வழியில்லை. மனிதர் 1915-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.