துரை வீட்டில் திண்ணை இல்லை

டெர்பி, இங்கிலாந்து
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

அங்கே அக்கா, பிள்ளைகள், உங்கள் முழங்கால் எல்லாம் சுகந்தானே?

போனில் பேசும்போது, "லீவு விட்டா அந்த ஊர்ல எங்கதான்யா போவீங்க?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். லீவு விட்டால் குடும்பத்தோடு காரேறிப் போய், முன்பின் தெரியாத ஒரு துரையின் வீட்டைத் துட்டு கொடுத்துச் சுற்றிப் பார்ப்போம். அவர் படுத்த கட்டில், சாப்பிட்ட தட்டு, சண்டை போட்ட மாமனாரின் எண்ணெய்ப் படம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவருடைய குதிரை லாயத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வீடு திரும்புவோம். நாங்கள் மட்டுமில்லை, ஊரே இதைத்தான் செய்கிறது.

இதற்கென்றே நேஷனல் டிரஸ்ட் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1895-ல், மெட்ராஸில் எலக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பித்த அதே வருஷம், மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கு 50 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல். சந்தா கட்டினால் ஒரு அட்டையும், கார்க் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் தருவார்கள். சந்தா கட்டியாகிவிட்டதே என்பதற்காகவே மழையிலும் காற்றிலும் மாளிகை மாளிகையாக ஏறி இறங்குகிறோம். எத்தனை வீடு பார்க்கிறோமோ அத்தனைக்கு ஒரு வீட்டின் விலை இறங்கும் என்பது உங்கள் தங்கச்சி போட்ட கணக்கு.

இந்தக் கோடையில் மாமியாரும் எங்களோடு. வந்த நாளிலிருந்து எந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலும் நூறால் பெருக்கி, மேற்கொண்டு ஏதோ சேர்த்து, ரூபாயில் சத்தமாக வாசிக்கிறார். பார்க்கிங் மெஷின் முன்னால் நின்று வாசித்தபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்து அமைதியாகக் காத்திருந்தார்கள்.

முதலில் அவரைக் கெடில்ஸ்டன் மாளிகைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். அத்தான், இது யார் வீடு தெரியுமா? நீங்கள் வகுப்பில் பிரம்பும் கையுமாக நின்று பாடம் நடத்திய கர்சன் பிரபுவின் வீடு! 1859-ல் பிறந்ததே இங்கேதான். 1905-ல் வங்காளத்தை இரண்டாக்கிய மனுஷன். அந்த வருஷத்தை மறந்ததற்காக நான் பெஞ்சு மேல் நின்றது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. 20 அலபாஸ்டர் தூண் நிற்கும் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு, "பிரபுவே, உம்மால் எனக்கு அரைநாள் கால் வலி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கல்கத்தாவில் வைஸ்ராய்கள் இருந்த மாளிகையை இந்த வீட்டை மாதிரியாக வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆக, கர்சன் வைஸ்ராயாக வந்து இறங்கியபோது வீடு மாறின அலுப்பே இருந்திருக்காது.

மாமியாருக்குத் தூணெல்லாம் பெரிதாகப் படவில்லை. வாசலிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, இவ்ளோ பெரிய வீட்டுல ஒரு திண்ணை இல்லியா? வர்றவன் போறவன் எங்க உக்காருவான்?" என்றார். அடுக்களை ஒரு கட்டடம், சாப்பாட்டு அறை வேறு கட்டடம், நடுவே வளைந்து போகும் நடை என்று தெரிந்ததும் இன்னும் கவலையாகிவிட்டது. "சோறு ஆறிப் போயிருமே!" அவ்வளவு பெரிய பிரபுக்கள் ஆறின சோற்றைத்தான் தின்றிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதியும் கூட.

வர்றவன் போறவன் விஷயத்துக்குப் பதில் வெளியே இருந்தது. 1759 வாக்கில் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியபோது, அந்த இடத்தில் ஒரு கிராமம் இருந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புல்லும் ஏரியும் தெரிய வேண்டுமே தவிரக் குடியானவன் வீட்டுப் புகைபோக்கி தெரியக்கூடாது என்று, கிராமத்தையே பெயர்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். ரோட்டையும் திருப்பி விட்டார்கள். சர்ச்சை மட்டும் தொடவில்லை, அது மாளிகையை ஒட்டி அப்படியே நிற்கிறது. மகள் பலகையை வாசித்து இதைப் பாட்டிக்குச் சொன்னாள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஊரையே தள்ளி வச்சவன் வீட்டுக்கு நாம துட்டு கொடுத்து வரணுமா?" என்றார்.

எனக்கும் அன்றிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரைத் தள்ளி வைத்தவர்கள் எப்போது, எதற்காக ஊரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்? அதைச் சொல்வதற்கு முன் மயில் கவுனைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா கோபிப்பாள்.

1903-ல் டெல்லி தர்பாருக்குக் கர்சனின் மனைவி உடுத்திய கவுன் இந்த வீட்டில்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் மயில்தோகை, நம் நாட்டுக் கைவினைஞர்கள் ஜரிகையில் போட்டது. ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் பச்சையாக மின்னுவது கல் இல்லை, வண்டின் சிறகு! துணியைப் பாரிசுக்கு அனுப்பிக் கவுனாகத் தைத்து வாங்கியிருக்கிறார்கள். எடை நாலரைக் கிலோ. "நான் கல்யாணப் புடவைல நின்னதையே நீங்க பெருசா பேசுனீங்களே" என்று உங்கள் தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

இந்த மாளிகைகளில் அறைக்கு ஒருவர் காவல் மாதிரி நிற்பார்கள். சம்பளம் கிடையாது, ரிட்டயர் ஆனபின் ஆசைக்கு வந்து நிற்பவர்கள். அவர்கள் கண்ணை மட்டும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் அந்த அறையின் முந்நூறு வருஷத்தையும் கேட்காமல் நகர முடியாது. மாமியார் பார்த்துவிட்டார். ஜரிகையைக் கண்ணாடி வழியாக விரலால் தொடர்ந்து காட்டி அவர் தமிழில் கேட்க, வெள்ளைத் தலைப் பாட்டியம்மா இங்கிலீஷில் பதில் சொல்ல, இருவரும் மாறி மாறித் தலையாட்ட, நாங்கள் மூன்று அறை பார்த்துத் திரும்பும்போதும் பேச்சு முடியவில்லை. கிளம்பும்போது கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டார்கள். "என்ன அத்தை பேசுனீங்க?" என்றேன். "அவ மருமக சரியில்லயாம்" என்றார். எப்படிப் புரிந்ததென்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இன்னொரு மாளிகையில் நாற்காலி மேல் பைன் மரக் காய் ஒன்று வைத்திருந்தது. உட்காராதீர்கள் என்று எழுதி ஒட்டினால் மரியாதைக் குறைவாம், அதனால் இப்படிக் காயை வைப்பார்கள். மாமியார் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'பிள்ளை விளையாடிவிட்டுப் போட்டிருக்கும்' என்று சொல்லி, நூற்றாண்டுப் பழைய பட்டு நாற்காலியில் நிம்மதியாக அமர்ந்தார். காவல் நின்றவர் ஓடி வந்து, "மேடம், உங்களுக்கு இதைவிட வசதியான நாற்காலி அங்கே இருக்கிறது" என்றார். திட்டுவதில் இந்த ஊர்க்காரனை அடிக்க ஆளில்லை அத்தான், வீட்டுக்கு வந்த பிறகுதான் திட்டு வாங்கினோம் என்றே தெரியும்.

இப்போது சாட்ஸ்வொர்த். டெவன்ஷர் டியூக்கின் மாளிகை, டெர்வென்ட் ஆற்றங்கரையில். இங்கேயும் பார்வைக்கு இடைஞ்சல் என்று எடன்சர் என்ற கிராமத்தை 1830களின் கடைசியில் நகர்த்திக் கட்டினார்கள். சுற்றிலும் தெரியும் இயற்கைக் காட்சியில் பாதி இயற்கையே இல்லை. பிரவுன் என்ற தோட்டக்கலை மேதை மேட்டைச் சரித்து, மரத்தை இடம் பார்த்து நட்டுச் செய்தது. 1844-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமுள்ளதைவிட உயரமான நீரூற்று வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்து டியூக்குக்கு ஆசை. பாக்ஸ்டன் என்ற தலைமைத் தோட்டக்காரர் மலை மேல் ஏரி வெட்டி, குழாய் இறக்கி, இராத்திரியிலும் பந்தம் கொளுத்தி வேலை வாங்கி, ஆறே மாதத்தில் முடித்தார். பம்ப்பே கிடையாது, மேலிருந்து விழும் தண்ணீரின் அழுத்தத்திலேயே 90 மீட்டர் எழும்பியது. சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார், சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. கலெக்டர் வருகிறார் என்று உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே இராத்திரியில் வெள்ளையடித்தீர்களே, அந்தக் கதைதான். நீரூற்றுக்கு இன்றுவரை 'எம்பரர்' என்றே பெயர். பாக்ஸ்டன் பிற்பாடு லண்டனில் 1851 பொருட்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டிப் பெரிய ஆளாகிவிட்டார்.

இவ்வளவு திமிரோடு இருந்தவர்களை, ஊரைக் கூப்பிட, வாசலுக்குக் கொண்டுவந்தது பீரங்கி இல்லை, வரிக்காரனின் பேனா. 1894-ல் சாவு வரி என்று ஒன்று வந்தது. சொத்துக்காரர் செத்தால் சர்க்காருக்குப் பங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய சொத்துக்கு அது 80 சதவீதம் வரை ஏறிவிட்டது. பத்தாவது டியூக் புத்திசாலி, சொத்தை முன்கூட்டியே மகனுக்கு எழுதி வைத்தார். எழுதி ஐந்து வருஷம் உயிரோடிருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில், ஐந்து வருஷம் நிறையச் சுமார் 14 வாரம் பாக்கியிருக்கும்போது, விறகு வெட்டிக்கொண்டிருந்தவருக்கு மாரடைப்பு. போய்விட்டார். அத்தனை வேலைக்காரர் இருக்க அவருக்கு எதற்கு விறகு வெட்டும் வேலை என்று மாமியார் கேட்டார், நியாயமான கேள்வி. வரிக்கு ஈடாக ஹார்ட்விக் மாளிகையையே கொடுக்க வேண்டியதாயிற்று, அது 1959-ல் நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. சாட்ஸ்வொர்த்தை ஒரு டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது, டியூக் குடும்பம் அங்கே குடியிருக்க வாடகை கொடுக்கிறது. இதைக் கேட்டதும்தான் மாமியார் முகம் தெளிந்தது. "அப்ப அவியளும் நம்மள மாதிரி வாடகைதானா!" திரும்பிப் போகும்வரை அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

டிக்கெட் எடுத்து வரும் பிள்ளைகளுக்காக 1973-ல் ஒரு மாட்டுப்பண்ணையும் திறந்தார்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று நகரத்துப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டுமாம். கறந்து காட்டினார்கள். முன்வரிசைக்குப் போய்ப் பார்த்த மாமியார், "கன்னுக்குட்டிய எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பிள்ளைகள் ஆசைப்பட்டது ஆல்டன் டவர்ஸ். ஷ்ரூஸ்பரி பிரபுக்களின் மாளிகை இருந்த இடம், இப்போது சுவர் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் ராட்டினங்கள். மர உச்சிக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால், நெமசிஸ் என்ற ராட்சத வண்டிக்குப் பள்ளம் தோண்டி 1994-ல் உள்ளே இறக்கினார்கள். பாருங்கள், இங்கேயும் பார்வைதான் பெரிது! மகன் அதில் தலைகீழாகத் தொங்கிவிட்டு வந்தான். நான் பைகளைக் காத்தேன்.

எனக்குப் பிடித்தது கிரிச் என்ற ஊரின் டிராம் அருங்காட்சியகம். வாசலில் பழைய காலத்துப் பென்னிக் காசு தருவார்கள், அதைக் கண்டக்டரிடம் கொடுத்தால்தான் டிக்கெட். மெட்ராஸில் 1953-ல் நிறுத்திய டிராமில் ஒன்றையாவது இப்படிக் காப்பாற்றியிருக்கலாம். மாமியாருக்கும் இதுதான் பிடித்தது. அந்தப் பென்னியை மட்டும் அவர் ரூபாயில் பெருக்கவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் எப்படி? இங்கே மழை வந்தால் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. காரைக் காட்சி தெரியும் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, வைப்பரைப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் தின்பார்கள். கணவனும் மனைவியும் பேசுவதே இல்லை. அந்த வரிசையில் நம் காரில் மட்டும் புளியோதரை, வத்தல், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேச்சு. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து காட்சி மறைந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. பிறகு லாயத்து டீக்கடை. ஸ்கோன் என்று ஒரு ரொட்டி. ஜாம் முதலிலா, க்ரீம் முதலிலா என்று கார்ன்வால்காரருக்கும் டெவன்காரருக்கும் தீராத வழக்கு. மாமியார் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, டீயில் முறுக்கை முக்கித் தின்றார். பக்கத்து மேசை நாய்க்கும் ஒன்று கொடுத்தார். பேக்வெல் ஊரில் கடைக்குக் கடை 'அசல் பேக்வெல் புட்டிங்' என்று போர்டு. அசல் எது என்ற விசாரணைக்கே அவர் வரவில்லை. "முட்டை போட்டிருக்கான்" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அடுத்த மே மாதம் நீங்களும் அக்காவும் வருகிறீர்கள், பேச்சை மாற்றக்கூடாது. குடை கொண்டுவர வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும். சேற்றுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கித் தருகிறேன். வெலிங்டன் என்று பெயர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு மோதிய அதே துரை. குன்னூர்ப் பக்கம் ஒரு ஊருக்கும் அவர் பெயர் இருக்கிறதே. கெடில்ஸ்டனுக்கு வரும்போது கர்சன் பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள். 1904-ல் நம் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் போட்டது, இங்கே இரண்டு கோட்டைகளை வாங்கிக் காப்பாற்றி நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தது என்று அவருடைய நல்ல பக்கத்தைத்தான் அறையில் நிற்பவர்கள் எடுத்துவிடுவார்கள். வங்காளத்தை நீங்கள் எடுத்துவிடுங்கள். உங்கள் இங்கிலீஷுக்கு அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாது.

மற்றவை போனில்.

உங்கள் அன்பு மச்சான்.

பி.கு.: அக்கா கொடுத்துவிடும் புளிக்காய்ச்சலைப் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் என்று ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். முறுக்கைக் கைப்பையில் வைக்கலாம். நாலு கூடுதலாகவே இருக்கட்டும், நாய்கள் நிறைய.