எழுதி மறுக்காதவர் சாப்பிட்டவரே

மதிப்புக்குரிய நகர மன்றத்தாருக்கு,

உங்கள் டவுன்டவுனில் இட்லி, தோசைக் கடை நடத்தும் அடியேன் எழுதிக்கொள்வது. கடைத்தெருவைப் பேணக் கடைக்காரர்களிடம் வசூலிக்கும் வணிக மேம்பாட்டு வட்டாரத்தின் ஆண்டுக் கட்டணத்தை மேலும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டீர்கள் என்பதை பில் வந்ததும் தெரிந்துகொண்டேன். வாழ்த்துகள். கூட்டத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லையாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால், கட்டணம் கட்டுகிற ஓட்டல்காரர்கள் எல்லோரும் அடுப்படியில்தானே நிற்போம்!

தகவல் சொல்லவில்லை என்று உங்கள்மேல் பழி போடமாட்டேன். இந்த வட்டாரங்களுக்கான கலிஃபோர்னியாவின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது, கூட்டத்துக்கு ஏழு நாளாவது முன்பு செய்தித்தாளில் ஒரே ஒரு விளம்பரம். போட்டிருக்கிறீர்கள். பழைய சோபா விற்பனைக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படிக்கும்படி.

அதைவிட அழகு எண்ணும் முறை. மொத்தக் கட்டணத்தில் பாதியையாவது கட்டுகிறவர்கள் எழுத்தில் மறுத்தால்தான் வசூல் நிற்கும். அதுவும் ஒரு வருடத்துக்கு. தலையை எண்ணுவதில்லை, டாலரை எண்ணுகிறீர்கள். மூலையில் இருக்கும் பெரிய சங்கிலிக் கடையின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில். உங்கள் விளம்பரத்தை அங்கே யார் பார்த்தார்கள்? ஆனாலும் அவர்களுடையது கனத்த மௌனம். என்னுடையது சில்லறை மௌனம். இரண்டையும் சம்மதக் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள். கட்டட உரிமையாளர்மேல் தீர்வை போட வேண்டுமென்றால், 1996இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 218ஆம் முன்மொழிவின்படி அவருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு போகிறது. திரும்பி வந்த சீட்டுகளை மட்டும்தான் எடை போடுகிறார்கள். என்னைப் போல் வாடகைக்கு இருக்கும் கடைக்காரனுக்கு அந்தத் தபால்தலைச் செலவு எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். சிக்கனம்.

ஆலோசனைக் குழுவை நியமிப்பது நீங்கள். அது எழுதும் அறிக்கையைத் திருத்துவதும் ஏற்பதும் நீங்கள். அதன்மேல் வரும் ஆட்சேபத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் நீங்களே. வேறு யாருக்கும் தொந்தரவு இல்லை.

பணம் தர எனக்கு மனமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நான் விருதுநகர்க்காரன், எங்கள் ஊர் வியாபாரிகள் தங்களுக்குள் மகமை என்று பொதுநிதி வசூலித்துப் பள்ளிக்கூடமே கட்டினார்கள். 1970இல் டொராண்டோவின் ப்ளூர் மேற்குக் கடைத்தெருவில் இந்த வணிக வட்டார ஏற்பாடு முதன்முதலில் பிறந்ததற்கும் காரணம் இருந்தது. வாடிக்கையாளர்களை மால்கள் இழுத்துக்கொண்டன. மிச்சப் பேரைச் சுரங்க ரயில் பூமிக்கடியில் கொண்டுபோனது. விருப்பப்பட்டவர் கொடுக்கட்டும் என்று விட்டால் பாதிக் கடைக்காரர் ஓசியில் குளிர்காய்வார்கள், அதனால்தான் எல்லோரும் கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. நியாயம்தான். நம் தெருவில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிவதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பொது இடத்தில் இசை வழங்கவும் சட்டம் இடம் தருகிறது. சனிக்கிழமைதோறும் என் கடை வாசலில் சாக்ஸபோன் வாசிக்கிறவரைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஐயோ, அதையும் சம்மதமாக எழுதிவிடாதீர்கள்!

உங்கள் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. நானும் அதையே கைக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். இனி என் கடையைத் தாண்டி நடப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வருடச் சாப்பாடு பதிவாகிவிடும். வேண்டாதவர்கள் எழுதித் தரலாம். மறுப்பவர்களின் சாப்பாட்டு பில் மொத்த வசூலில் பாதியைத் தொட்டால் ஒரு வருடம் அடுப்பை அணைத்துவிடுகிறேன். ஆட்சேபக் கூட்டம் தினமும் காலை நாலரை மணிக்கு, மாவரைக்கும் அறையில். தலைமை வகிப்பவர் என் மைத்துனர். அவரை நியமித்தது நான்.

மன்ற உறுப்பினர்கள் அனைவரும் தினமும் என் வாசல் வழியாகத்தான் நடக்கிறீர்கள். முறைப்படி கடையின் பின்கதவில், உள்பக்கமாக, ஏழு நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தேன். உங்களில் ஒருவரிடமிருந்தும் மறுப்பு வரவில்லை. தலைக்கு ஒரு மசால் தோசை, ஒரு வடை, ஒரு ஃபில்டர் காப்பி வீதம் வருடம் முழுமைக்கும் பில் இணைத்துள்ளேன். தாமதமாகக் கட்டினால் அபராதம் எவ்வளவு என்பதற்கு, நீங்கள் எனக்கு அனுப்பிய பில்லின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எதிர்ப்புத் தெரிவிக்காத ஒருவன்