தோட்டத்தில் உலகப் பாட்டுப் போட்டி நடத்துவது எப்படி?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு யோசனை. யூரோவிஷன் மாதிரி உலகமே டிவியில் பார்க்கும் பாட்டுப் போட்டியை இந்த முறை உங்கள் தோட்டத்தில் நடத்துங்கள். தயக்கம் வேண்டாம். 1993இல் யூரோவிஷன் நடந்த அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட்டில் சனத்தொகை ஏறக்குறைய 1,500 பேர்தான். முந்தின ஆண்டு அயர்லாந்து வென்ற இரவே அந்த ஊர்க்காரர் ஒருவர், தன் குதிரையேற்ற அரங்கைச் சும்மா தருவதாகத் தேசியத் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதினார். கிடைத்துவிட்டது. நீங்களும் எழுதுங்கள். பிறகு செய்ய வேண்டியவை:

1. முகவரி வாங்குங்கள். நீங்கள் எழுதினால் யூரோவிஷனை நடத்தும், ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் பதில் போடும். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாததால் அது தோட்ட ஆபீசுக்குப் போய், கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வரும்வரை மேசையில் கிடக்கும். ஆகவே வீட்டுக்கு வீடு இலக்கம் கேளுங்கள். பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்துகிறது என்று கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து கடிதம் வருகிறது என்று சொல்லுங்கள்.

2. பாதை போடச் சொல்லுங்கள். ஒருகாலத்தில் களனிவெளிச் சின்ன ரயில் இரத்தினபுரியையும் தாண்டி ஓபநாயக்க வரை வந்தது. இப்போது அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பஸ், பஸ்சிலிருந்து இறங்கி ஆட்டோ, ஆட்டோக்காரர் "இதுக்கு மேல ஏறாது" என்று சொல்லும் இடத்திலிருந்து நடை. பிள்ளைப்பேற்றுக்காரியை இறக்க இந்தப் பாதை போதும் என்று இத்தனை காலம் சொன்னவர்கள், நோர்வேக்காரியின் ஆறு பெட்டி உடுப்பை ஏற்றப் போதாது என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

3. விருந்தினரை லயத்தில் தங்க வையுங்கள். ஹோட்டல் பிடித்துக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம். யூரோவிஷன் வழக்கமாக மே மாதத்தில் நடக்கும். நமக்கு அது மழை பிடிக்கும் மாதம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாதம் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. 'மண்சரிவு அபாயம், வெளியேறவும்' என்று அறிவித்தல் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று சொல்லாத லயங்கள் இருக்கும். சுவீடன் குழுவை அங்கேயே படுக்க வையுங்கள். மாற்று வீடு எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள்.

4. கலையைச் சுருக்குங்கள். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. காமன் கூத்தோ விடிய விடிய நடக்கும், பாதித் தோட்டம் வேஷம் கட்டும். ஆகவே ரதியும் மன்மதனும் நாற்பது விநாடிக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். அடுத்த நிமிடம் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிக்கலாம். நெருப்பு மேடைக்கு எடுப்பாக இருக்கும். மிச்ச நேரம் ரதியின் ஒப்பாரிக்கு. தப்பு அடிப்பவர்களை எண்ணும்போது ரதியையும் சேர்த்து எண்ண மறக்காதீர்கள்.

5. படம் பிடிக்க விடுங்கள், கண்காணித்துக்கொண்டே. பாட்டுக்குப் பாட்டு இடையில் நடத்தும் நாட்டின் அழகைக் காட்டுவார்கள். கொழுந்தெடுக்கும் பெண் சிரித்தே ஆக வேண்டும். இன்றைக்கு எத்தனை கிலோ, அதில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று அவளிடம் கேட்கக்கூடாது. சப்ரகமுவத் தோட்டங்களில் நிறையப் பேர் இறப்பர் பால் வெட்டுகிறவர்கள் என்றால் இயக்குநர் முகம் சுளிப்பார். மலையகம் என்றால் அவருக்கு நுவரெலியா. அங்கே போய் எடுத்துவந்து கீழே 'இரத்தினபுரி' என்று எழுத்துப் போட்டுவிடுவார். காலில் அட்டை ஏறிய ஆளைத்தான் படப்பிடிப்புக் குழு என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

6. கண்ணீருக்குக் கட்டணம் வையுங்கள். 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் புசல்லாவை நயாப்பனைத் தோட்டத்து அசானி பாடினார். அரியாலை கில்மிஷா பட்டத்தை வென்றார். இரண்டு பேரும் போனது பாடத்தான். ஆனால் டிவிக்குக் குரல் மட்டும் போதாது. கூரைத் தகரமும் வேண்டும், அதைக் காட்டும்போது பின்னால் புல்லாங்குழலும் வேண்டும். தகரத்துக்கு ஒரு நிமிடம் இவ்வளவு, அம்மாவின் அழுகைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் ஒட்டுங்கள். பாட்டு இலவசம்.

7. ஓட்டு முறையை விளக்குங்கள். யூரோவிஷனில் சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. மற்ற ஊரார் இதைக் கேட்டுக் கோபப்படலாம். நம் ஆட்களுக்குப் பழக்கம் உண்டு: 1948இல் பிரஜாவுரிமை போனது, மறு ஆண்டு ஓட்டும் போனது, மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல். நான்கு நாடுகள் சமமாக வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். 1969இல் அப்படித்தான் நடந்தது. நான்கையும் வென்றதாக அறிவித்தார்கள். சம்பளம் கூடிய மறுநாள் நான்கு தொழிற்சங்கம் மாலை போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

8. விடாமல் வெல்லுங்கள். வென்ற நாடுதான் வழக்கமாக அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும். 1992, 1993, 1994 என்று தொடர்ந்து வென்ற அயர்லாந்து, 1993 முதல் மூன்று வருடமும் பந்தல் போட்டுக் களைத்துப்போனது. நமக்கு அந்தக் களைப்பு வேண்டும். முதல் வருடம் பாதை, இரண்டாம் வருடம் வீடு, மூன்றாம் வருடம் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி. நாட்சம்பளம் சரியாக எத்தனை வருடம் தொடர்ந்து வெல்ல வேண்டும் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். பிள்ளைகள் தொண்டையைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளட்டும்.