பக்கத்துப் பிளவில் ஏறும் பாரம்

கே: பூகம்பம் வந்துவிட்டால், உள்ளே சேர்ந்திருந்த அழுத்தம் தீர்ந்துவிடும்தானே?

ப: பூமிக்கு அடியில் பிளவின் பாறைகள் நழுவிய இடத்தில் பெரும்பகுதி தீரும். ஆனால் அதன் இரு முனைகளிலும், அக்கம்பக்கத்துச் சில பிளவுகளிலும் கூடிவிடும். துருக்கியில் 1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித் குலுங்கியது. மூன்று மாதம் முடிவதற்குள், நவம்பர் 12 அன்று, அதே பிளவில், நழுவிய பகுதியின் கிழக்கு முனையை அடுத்த டூஸ்ஜே குலுங்கியது.

கே: பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த அழுத்தத்தை எந்தக் கருவியை வைத்து அளக்கிறார்கள்?

ப: அவ்வளவு ஆழத்தில் கருவி இல்லை. தரை நகர்ந்ததை அளக்கிறார்கள். அழுத்தத்தைக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். ஜி.பி.எஸ். நிலையங்கள் மில்லிமீட்டர் நகர்வையும் காட்டிக்கொடுக்கும். ரேடார் செயற்கைக்கோள், நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் வானவில்போல வண்ணப் பட்டைகள் தெரியும். கலிஃபோர்னியாவின் 1992 லாண்டர்ஸ் நடுக்கத்துக்கு எடுத்த அத்தகைய படத்தில் ஒரு பட்டை என்றால் 2.8 செ.மீ. நகர்வு. பட்டைகளை எண்ணி, அடியில் பாறை எங்கே எத்தனை மீட்டர் நழுவியது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு பக்கத்துப் பிளவைப் பார்க்கிறார்கள். கனமான பீரோவை நகர்த்திப் பாருங்கள். இன்னொருவர் சேர்ந்து தள்ளினாலும் நகரும். யாராவது லேசாகத் தூக்கிப் பிடித்தாலும் நகரும். பிளவும் அப்படித்தான். பக்கவாட்டுத் தள்ளல் கூடியதா, இரு பாறைகளையும் கவ்வியிருக்கும் பிடி தளர்ந்ததா என்ற இரண்டையும் சேர்த்துக் கூட்டுவதே இந்தக் கணக்கு. கூலும் அழுத்த மாற்றம் என்பது அதன் பெயர்.

கே: அந்த மாற்றம் பயங்கரமானதாக இருக்குமோ?

ப: அழுத்தத்தை அளக்கும் 'பார்' என்ற அலகில், பெரும்பாலும் ஓரிரு பார்தான். கார் டயரில் அடைக்கும் காற்றே 2 பாருக்கு மேல்! 0.1 பார் கூடிய இடங்களிலேயே பின்னதிர்வுகள் மிகுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். நழுவும் தறுவாயில் இருக்கும் பிளவுக்கு அதுவே அதிகம்.

கே: நம்மைத் தாக்கிய சுனாமிக்குப் பிறகு இந்தக் கணக்கைப் போட்டார்களா?

ப: போட்டார்கள். ஜான் மெக்ளாஸ்கியின் ஆய்வுக் குழு 2005 மார்ச் 17 'நேச்சர்' இதழில், சுமத்ராவுக்கு அருகே, சுனாமியைக் கிளப்பிய பிளவின் அடுத்த பகுதியில் அழுத்தம் ஏறியிருப்பதாக எச்சரித்தது. பதினோராம் நாள், மார்ச் 28 இரவு, நியாஸ் தீவருகே 8.6 அளவு நடுக்கம். அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கே: அப்படியானால் தேதி குறித்துச் சொல்லலாமே?

ப: முடியாது. இடத்தைச் சொல்லலாம், நாளைச் சொல்ல வழியில்லை. இஸ்மித் பகுதியில் பெரும் நடுக்கம் வர 30 ஆண்டுகளில் 12 விழுக்காடு வாய்ப்பு என்று ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். இரண்டே ஆண்டில் வந்துவிட்டது. அடுத்து இஸ்தான்புல்லில் பலத்த அதிர்வுக்கு, 30 ஆண்டுகளில் 62 விழுக்காடு என்று 2000இல் கணித்தார்கள். அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர்.