ஒரே ஜன்னலில் எல்லாரும்

இருபது வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெரிய குறை. சித்தப்பா பையன் யாஹூவில், கல்லூரி சகாக்கள் எம்எஸ்என்னில், ஆபீஸ் ஆட்கள் ஜிடாக்கில். மூன்றையும் திறந்தால் கணினி மூச்சு வாங்கும். அந்தச் சித்தப்பா பையன்தான் ஒரு நாள் 'கெய்ம்' என்ற அரட்டை மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். இலவசம். மூன்று கணக்கும் ஒரே ஜன்னலில். ஒருவருக்கே மூன்று ஐடி இருந்தால், மவுஸால் இழுத்து ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ஒரே வரியாகிவிடும். எந்தப் பக்கமாக அவர் வந்தாலும் அந்த வரி எரியும்.

கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. 'டிரில்லியன்' என்ற இதே மாதிரி இன்னொரு மென்பொருளை, ஏஐஎம் என்ற அரட்டைச் சேவையை நடத்திய ஏஓஎல் 2002இல் தடுத்தது; டிரில்லியன்காரர்கள் ஒட்டுப் போட்டார்கள், மறுபடி தடுத்தது. 2004இல் யாஹூவும் அதையே செய்தது. கெய்ம் (Gaim) என்ற பெயரில் தன் ஏஐஎம் (AIM) ஒளிந்திருப்பதாக ஏஓஎல் மல்லுக்கட்டியதில், கெய்ம் 2007இல் 'பிட்ஜின்' ஆகி, ஊதாப் புறாச் சின்னத்தோடு வந்தது. நடுவில் திடீரென்று யாஹூ கனெக்ட் ஆகாது. புதுப் பதிப்பு இறக்கினால் ஆகும். அவ்வளவுதான் தொல்லை.

இப்போது முன்னேறிவிட்டோம். குடும்பம் வாட்ஸ்அப்பில், ஆபீஸ் ஸ்லாக்கில், அக்கா மகள் இன்ஸ்டாகிராமில் மட்டும். "டெலிகிராம்ல அனுப்பியிருக்கேன், பாருங்கண்ணா" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. எந்த மென்பொருளும் நுழையக்கூடிய எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறியில் நடந்த ஜிடாக் போயாயிற்று. ஃபேஸ்புக்கும் 2010இல் அதே கதவைத் திறந்து, 2015இல் சாத்திக்கொண்டது.

பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்கிறார்கள். உண்மையும் இருக்கிறது. பிட்ஜின் எங்கள் கடவுச்சொல்லை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அப்பட்டமாக எழுதி வைத்திருக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். அரட்டை முழுக்க அதே ஹார்ட் டிஸ்க்கில் தேதிவாரியாகக் கிடக்கும். இன்றைய பூட்டு நல்ல பூட்டு. ஆனால் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பும் அந்த ஊரில் மட்டும் கதவை ஒருக்களிக்கிறது. ஆராய்ச்சி, பேச்சுவார்த்தை, கெடு, நீட்டிப்பு. கெய்மை சம்பளமில்லாமல் எழுதியவர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள்.

பிட்ஜின் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. போன மாதம் ஆசைக்கு நிறுவி, ஒரு எக்ஸ்எம்பிபி கணக்கும் தொடங்கி, சித்தப்பா பையனைக் கூப்பிட்டேன்.

"அதுக்கு எந்த ஆப்ணா டவுன்லோட் பண்ணணும்?" என்கிறான்.