பாம்பு பிடிக்கப் போற பேராண்டிக்கு

வாலே பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. டீக்கடை பூரா உன் பேச்சாத்தான் இருக்கு. நல்ல பாம்பு கழுத்த வெறுங்கையால பிடிச்சு, அது உச்சந்தலையில முத்தம் குடுத்து, அதைப் போன்ல வேற ஏத்தி விட்டிருக்கியாமே. ஆயிரக்கணக்குல பாத்தாங்களாம். ஆயுசு பூரா இந்தக் கரிசக்காட்டுல உழுதேன், ஒரு பய திரும்பிப் பாக்கல. பெருமையாத்தான் இருக்கு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். முத்தம் குடுத்தியே, அது சம்மதம் சொல்லிச்சா?

சிரிக்காதலே. பாம்பென்றால் படையும் நடுங்கும்னு சொல்லி வச்சாங்க. படைக்கு அந்த மட்டுக்காவது புத்தி இருந்திருக்கு.

நான் உன்னைத் தடுக்கல. தாராளமாப் பிடி. ஆனா அதுக்கு முந்தி கெழக்காட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கடிச்சா உசுரு பொழச்சாலும் கடிச்ச எடத்துச் சதை அழுகலாம், விரலை எடுக்க வேண்டி வரலாம். பெறகு கைநாட்டு வைக்கக்கூட ஆளு தேடணும். பொண்ணு பாக்கப் போற எடத்துல காப்பித் தம்ளர வாங்கும்போது அவுக மொதல்ல உன் கையத்தான் பாப்பாக.

தலையை அமுக்கிப் பிடிச்சுட்டா என்ன செய்யும்னு கேப்ப. சரி, கண்ணாடி விரியன்கிட்ட இதைச் சொல்லிப் பாரு. அதுக்குப் பல்லு நீளம். மேல்தாடையோட மடக்கி வச்சிருக்கும், வேணுங்கிறப்ப முன்னால நீட்டும். தலைக்குப் பின்னால உன் விரல் இருந்தாலும் வாயைப் பொளந்து, தாடையைக் கோணலாக்கி ஒத்தப் பல்ல ஏத்திரும். தலையை வெட்டிப் போட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தலை கடிக்கும். இதெல்லாம் உன் போன்ல வராதோ?

கட்டுவிரியன் கதை வேற. ராத்திரி பாயில படுத்திருக்கவனக் கடிச்சுட்டுப் போயிரும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, எறும்பு கடிச்ச தடம் மாதிரி ரெண்டு புள்ளி, சில நேரம் அதுவுங் கிடையாது. விடியக்காலம் வயித்த வலிக்குன்னு எந்திரிப்பான். கண்ணு இமையத் தூக்க முடியாது, பேச்சுக் குழறும், பெறகு மூச்சு நிக்கும். வீட்டுக்குள்ள பல்லி தேடி வருதே வெள்ளிக்கோல் வரையன், அதுவும் பாக்க இப்பிடியே கட்டுக்கட்டா இருக்கும், அதுக்கு விசமில்ல. எது எதுன்னு உனக்குத் தெரியும்னு சொல்லுவ. தெரிஞ்சவரு ஒருத்தரு கதையக் கேளு.

ஜோ ஸ்லோவின்ஸ்கின்னு அமெரிக்காக்காரரு. கலிபோர்னியா அறிவியல் அகாதமியில பாம்பையே படிச்சுக் கரைச்சுக் குடிச்சவரு. 2001 செப்டம்பர்ல பர்மாவுல வடக்க, காட்டுக்குள்ள கூட்டத்தோட போயிருந்தாரு. கூட இருந்தவரு ஒரு பையைக் குடுத்து, விசமில்லாத சாதியா இருக்கும்னுருக்காரு. இவரு உள்ள கைய விட்டாரு. சின்ன உருப்படிதான், விரல்ல கவ்விக்கிட்டுத் தொங்கிச்சு. பாத்த ஒடனே கட்டுவிரியன் சாதின்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அவரு கத்தல. எனக்கு இன்னது இன்னது ஆகும், மூச்சு நின்னா நீங்கதான் ஊதணும்னு கூட்டாளிகளுக்கு வரிசையாச் சொல்லி வச்சாரு. சொன்னபடியே எல்லாம் நடந்துச்சு. பேச்சு போன பெறகு கைச்சாடை, அதுவும் போன பெறகு மாத்தி மாத்தி வாயோட வாய் வச்சு ஊதுனாங்க, மறுநாள் வரைக்கும். மழையிலயும் மேகத்துலயும் ஹெலிகாப்டர் வந்து சேரல. 38 வயசு. அவரு படிச்சதுல நீ எத்தனை பக்கம் பொரட்டியிருக்க?

மயாமியில பில் ஹாஸ்ட்னு ஒருத்தரு 170 தடவைக்கு மேல கடிபட்டு, 100 வயசு வரைக்கும் இருந்தாரேன்னு கேப்ப. கேக்கணும், வக்கீல் புத்தி உங்க ஆச்சி வழி. இருந்தாருதான், 2011லதான் போனாரு. 1948லருந்தே விசத்த நெறயத் தண்ணி கலந்து தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டு வந்த ஆளு. அப்பிடியும் பல தடவை சாவக் கண்டு வந்தாரு, விரலும் கோணிப் போச்சு. நீயும் 1948லயே ஆரம்பிச்சிருந்தியின்னா சொல்லு, இந்தப் பேச்ச இதோட விட்டுருதேன்.

இருளங்க மட்டும் கையாலதானே பிடிக்காங்கன்னும் கேப்ப. ஆமாலே, அங்க வா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல வடநெம்மேலியில 1978லருந்து அவங்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1972ல வந்த வனஉயிர்ச் சட்டத்தால பாம்புத்தோல் வியாபாரம் நின்னு போயி, வயித்துப் பாட்டுக்கு வழியில்லாமத் தவிச்ச சனம். இன்னைக்கு அரசாங்க அனுமதியோட, இத்தனைதான்னு கணக்கு வச்சு நாலு வகைப் பாம்பைப் பிடிக்காங்க. மொதல்ல மண்ணுல தடம் பாப்பாங்க. கையில கம்பி, பருத்திப் பை. பிடிச்சத மண்பானையில போட்டு, துணியால வாயக் கட்டி வைப்பாங்க. விசம் எடுக்குற அன்னைக்கு ஒரு கண்ணாடிக் குடுவை வாய மெல்லிசா மூடி, தலையப் பிடிச்சு அதுல கடிக்க விடுவாங்க. ரெண்டு மூணு சொட்டு, அவ்வளவுதான், திரும்பப் பானைக்கு. கொஞ்ச வாரம் கழிச்சுக் காட்டுல விட்டுருவாங்க. விசம் எடுக்குறதப் பாக்கக் கூட்டமும் நிக்கும். ஆனா அந்தக் கூட்டத்துக்காக அவங்க பாம்போட கொஞ்சிக்கிட்டு நிக்கிறதில்ல. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்களே, எதுக்குன்னு நெனச்ச? முத்தத்துக்கா?

அவங்க எடுத்த விசத்தக் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துலருந்துதான் மருந்து எடுக்காங்க. கடிபட்டவனுக்குப் பத்துக் குப்பியில தொடங்குவாங்க, பத்தலைன்னா இன்னும் ஏறும். அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்காம மூச்சு முட்டும். மலைப்பக்கத்து மூக்குக் குழிவிரியனுக்கு அது கேக்கவுங் கேக்காது. நம்ம பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில எத்தனை குப்பி இருந்துரும்? நீ வெளையாட்டுக்குக் கடிவாங்கிக்கிட்டுப் போயி படுத்து அத்தனையையும் ஏத்திக்கிட்ட அன்னைக்கே, களையெடுக்கப் போன ஒரு பொம்பள விரியன்கிட்டக் கடிபட்டு வந்து நிப்பா. அவளுக்கு என்ன பதில் வச்சிருக்க? 2000லருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில போனவங்க ஏறக்கொறய 12 லட்சம் பேருன்னு ஆராய்ச்சிக்காரங்க கணக்குப் போட்டிருக்காங்க, வருசத்துக்கு 58,000. முக்காவாசியும் நம்மளப் போல பட்டிக்காட்டுச் சனம்.

பாம்பு பக்கத்துக்கும் யாராவது வாதாடணும்ல. அது எலியத் தேடி உன் படப்புக்குள்ள வந்துச்சு. நீ வாலப் பிடிச்சு இழுத்து, அரைமணி நேரம் ஆட்டி, கழுத்த நெரிச்சு, பிளாஸ்டிக் பாட்டில்ல அடைச்சு, ஊருக்கெல்லாம் காட்டிட்டு, எங்கயோ தெரியாத மலையில கொண்டு விடுத. காப்பாத்திட்டேன்னு பேரு வேற. சில பேரு பல்லப் பிடுங்கி வாயத் தச்சே வித்தை காட்டுதாங்க, அது பட்டினியாக் கெடந்து சாகும். அனுமதியில்லாமப் பாம்பப் பிடிச்சு வச்சிருக்கது குத்தம்னு சட்டம் சொல்லுது. அந்தக் குத்தத்துக்குச் சாட்சியையும் நீயே போன்ல ஏத்திக் குடுத்திருக்க, போலீசுக்கு வேல மிச்சம்.

இனி பாம்பு வந்தா எட்ட நின்னு 101க்குப் போடு, தீயணைப்பு ஆளுக கம்பியோட வருவாங்க. கடிச்சுட்டா கீறாத, வாய வச்சு உறியாத, கயித்தால இறுக்காத, மந்திரிக்கப் போகாத. கைகால அசைக்காம 108ல ஏறு. அந்த நேரத்துலயும் ஒரு வீடியோ எடுக்கணும்னு தோணும், அதான் உன்கிட்ட எனக்குப் பயம்.

சரி, எந்திரி. பொழுது அடைஞ்சிருச்சு. உங்க ஆச்சி வெளக்கில்லாம, வெறுங்காலோட தொழுவத்துக்குப் போறா பாரு, வைக்கோலுக்குள்ள கையவும் விடுவா. டார்ச்சையும் செருப்பையும் கொண்டு போயிக் குடு. என்னலே எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டன்னு வைவா. அந்தக் கடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், ஓடு.