கிளியின் பச்சை

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் உறை போடாத பொருளைத் தேடினால் அடுப்பும் அம்மிக்கல்லும்தான் மிஞ்சும். மர்பி ரேடியோவுக்குக் கிளி போட்ட உறை, பின்னாளில் வந்த டிவிக்குக் குஞ்சம் வைத்த உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூடக் குட்டியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், மறைக்காதீர்கள். மேட்டித் துணியில் கட்டம் எண்ணிப் போட்ட கிராஸ் ஸ்டிச், ஆறு இழை ஆங்கர் நூலை இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்ட காம்புத் தையல், எல்லாம் அத்தையின் கைவேலை. கல்லூரி நண்பர்கள் வரும் நாளில் அவற்றை உருவிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். முற்போக்கானவன் வீட்டு ரேடியோ நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அப்போதைய என் கொள்கை.

அத்தை மட்டும் அவற்றை என்ன தாங்கினாளா? துவைகல்லில் நாலு சாத்து, கொஞ்சம் நீலம், ராமபாணப் பூச்சிகளுக்கு விருந்தாகக் கெட்டியாய்க் கஞ்சி, பிறகு மொட்டை மாடி. சாயங்காலம் எடுத்து வந்து கட்டிலில் குவிக்கும் அந்த மொடமொடப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் வெயிலின் வாசனை அடிக்குமே, அதை இன்றைய டிரையர் எதிலும் நான் கண்டதில்லை. பட்டுக்கு மட்டும் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். பட்டணத்திலிருந்து சலவைப் பவுடர் வாங்கிப்போய் அவளுக்கு விஞ்ஞானம் போதித்தவன் நான். அதே கொட்டையை இப்போது ‘ஆர்கானிக்’ என்று சீட்டு ஒட்டிய புட்டியில், விலையைப் பார்க்காமல் வாங்குகிறவனும் நானேதான்.

ரேடியோ எப்போதோ போய்விட்டது. டிரங்குப் பெட்டியின் அடியில் அதன் உறை மட்டும் அகப்பட்டது. உடனே வீடே ஆஸ்பத்திரியாகிவிட்டது. ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, வலைத்துணி விரித்து அதன் வழியே வாக்குவம் கிளீனரால் மெல்லத் தூசி எடுத்து, ஈரக் கனத்தில் இழை அறாதிருக்கத் தட்டோடு தண்ணீரில் இறக்கி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் படுக்கவைத்தோம். இனி மடிக்கவும் கூடாதாம், மடிப்பில் இழை முறியுமாம். அமிலமில்லாத தாளோடு உருளையில் சுற்ற வேண்டும். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட துணிகள்மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழ விடுவதில்லை. உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அத்தை அதை மாடியில் இலவசமாகவே காட்டியிருந்தாள்.

கிளியின் இறக்கையில் மட்டும் நூல் விட்டிருந்தது. மங்கிய பச்சை, வெளிறிய ரோஜா: ‘அந்தக் காலத்து ரசனையே தனி, எவ்வளவு அடக்கம்!’ என்று நாங்கள் உருகிக்கொண்டிருக்க, தையல்கார அம்மா உறையைத் திருப்பிக் காட்டினார். வெயில் படாத பின்பக்கத்தில் கிளி, கண்ணைப் பறிக்கும் பச்சையில் கத்திக்கொண்டிருந்தது. அதன் மூக்கோ அசல் தேர்தல் சுவரொட்டிச் சிவப்பு. ஆக, நாங்கள் மெச்சிய ரசனை அத்தையுடையதல்ல, வெயிலுடையது.

“எந்தப் பக்கத்துப் பச்சையிலே நூல் எடுக்கட்டும் சார்?” என்று கேட்டார் அந்த அம்மா. வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. வெளுத்த பச்சைதான் ஜெயித்தது. அத்தை இருந்திருந்தால் கிளிக்கு மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டிக் கொல்லைப்புறத்தில் கீழாநெல்லி தேடப் போயிருப்பாள்.